கழுத்தில் தொங்கிய அட்டை: சிகானோ நாடகம் எதை மாற்றியது?

கேள்வி இதுதான்: "நாடகத்தாலும் பயிலரங்குகளாலும் சமூகத்தை மாற்ற முடியும் என்பதற்கு அமெரிக்காவின் சிகானோ மக்களைத் தவறாமல் உதாரணம் காட்டுகிறார்கள். நாடகம் போட்டால் கூலி கூடுமா? அல்லது ஏற்கெனவே ஒத்த கருத்துள்ளவர்கள் கூடிக் கைதட்டிவிட்டுக் கலைந்ததைத்தான் மாற்றம் என்கிறார்களா?"

கூலி கூடியது. கூட்டியது சங்கம், நாடகம் அல்ல. ஆனால் அந்தச் சங்கம் ஐந்து வருடம் கலையாமல் நிற்பதற்கு நாடகம் ஒரு வேலை செய்தது. அது என்ன வேலை என்பதைத்தான் பலரும் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். "விழிப்புணர்வு ஏற்படுத்தினார்கள்" என்ற தேய்ந்த வாக்கியத்தை வைத்துப் பூசி மெழுகிவிடுகிறார்கள்.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். 1848இல் போர் முடிந்து மெக்சிகோவின் வடபகுதி அமெரிக்காவுக்குக் கைமாறியபோது அங்கேயே இருந்தவர்களின் வழிவந்தவர்கள் உண்டு. பிறகு வயல் வேலைக்கும் ரயில் பாதை வேலைக்கும் எல்லை தாண்டி வந்தவர்கள் உண்டு. இளக்காரமாகச் சொல்லப்பட்டு வந்த 'சிகானோ' என்ற பெயரை 1960களில் அவர்களுடைய பிள்ளைகள் தாங்களே எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள்.

இடம், கலிஃபோர்னியாவின் நடுப்பகுதியில் உள்ள டெலானோ. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். 1965 செப்டம்பர் 8 அன்று அங்கே வேலையை நிறுத்தியவர்கள் மெக்சிகர்கள் அல்ல, பிலிப்பினோ தொழிலாளர்கள். லாரி இட்லியாங் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். மணிக்கு 1.40 டாலர் வேண்டும் என்பது கோரிக்கை. எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 16, மெக்சிகோவின் சுதந்திர நாளன்று, சேசர் சாவேஸும் டோலோரஸ் உவெர்ட்டாவும் நடத்திய சங்கம் சேர்ந்துகொண்டது. (இட்லியாங்கின் பெயர் இந்தக் கதையில் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.)

மற்றத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையைக் கொடுத்த 1935ஆம் ஆண்டுச் சட்டம், விவசாயக் கூலிகளை வெளியே நிறுத்தியிருந்தது. எனவே சங்கத்தோடு பேச வேண்டிய கட்டாயம் எந்தத் தோட்ட முதலாளிக்கும் இல்லை. வேலைநிறுத்தம் தொடங்கியதும் வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினால் போதும். இறக்கினார்கள். கொண்டுவரப்பட்டவர்களும் அதே மொழி பேசிய, அதே வறுமையில் கிடந்த மனிதர்கள். மறியல் செய்தவர்கள் சாலை ஓரத்தில் நின்றபடி, கொடிகளுக்கு நடுவே குனிந்திருந்தவர்களை வெளியே வரச்சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. 'உவெல்கா' என்றால் ஸ்பானிய மொழியில் வேலைநிறுத்தம். அந்தச் சொல்லைக் கத்தக் கூடாது என்று போலீஸ் தடை போட்டது. அந்த அக்டோபரில் தடையை மீறிக் கத்தியதற்காக 44 பேர் கைதானார்கள். ஒரு சொல்லுக்கு 44 பேர்!

இந்த ஊருக்குத்தான் லூயிஸ் வால்டெஸ் வந்தார். அப்போது அவருக்கு 25 வயது. பிறந்ததே டெலானோவில்தான், பெற்றோர் பயிர்களின் பருவத்தைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போன கூலிகள். தன் முதல் நாடக அனுபவத்தை அவர் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மதிய உணவு கொண்டுபோன பழுப்புக் காகிதப்பை காணாமல் போனது. போர்க்காலத்துத் தட்டுப்பாடு, காகிதப்பையைக்கூட மடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தேடிப் போனால், ஆசிரியை அதைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் குரங்கு முகமூடி செய்துகொண்டிருந்தார். பையன் பையை மறந்தான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் குரங்கு வேடமும் கிடைத்தது. நாடகம் நடப்பதற்குள் குடும்பத்தைத் தங்கியிருந்த இடத்திலிருந்து காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேடம் கட்டாமலேயே ஊரைவிட்டுப் போனான்.

கல்லூரியில் நாடகம் எழுதி, பிறகு சான் பிரான்சிஸ்கோவில் பூங்காக்களில் நையாண்டி நாடகம் போட்ட ஒரு குழுவில் சிறிது காலம் இருந்துவிட்டு, அவர் டெலானோவுக்குத் திரும்பினார். சங்க அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த ஓர் இளஞ்சிவப்பு வீட்டில் முதல் கூட்டம். பத்து நிமிடம் நாடகத்தைப் பற்றிப் பேசிப்பார்த்திருக்கிறார், பேச்சு எடுபடவில்லை. மூன்று பேரை எழுப்பி நிறுத்தினார். இரண்டு பேர் கழுத்தில் 'வேலைநிறுத்தக்காரன்' என்ற அட்டை. மூன்றாமவர் கழுத்தில் 'எஸ்கிரோல்', அதாவது கருங்காலி. அவர் முதலில் மறுத்தார். அந்த நாட்களில் அங்கே அதைவிடக் கெட்ட வசவு இல்லை. ஒருவழியாக மாட்டிக்கொண்டு நின்றதும் மற்ற இருவரும் அவரைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்கள். வீடு சிரிப்பில் அதிர்ந்தது. எங்கிருந்தோ ஆட்கள் வந்து சமையலறை நிரம்பியது. அட்டைகள் கழுத்து மாறின. "நான் செய்கிறேன்", "மறியலில் நான் பார்த்தது இப்படி" என்று ஆளாளுக்கு முன்னால் வந்தார்கள்.

'எல் டெயாட்ரோ கம்பேசினோ', அதாவது உழவுத் தொழிலாளர் நாடகக் குழு, இப்படித்தான் பிறந்தது. எழுதப்பட்ட வசனமோ ஒத்திகையோ கிடையாது. நீங்கள் கேட்ட 'பயிலரங்கு' என்பது உண்மையில் அந்தச் சமையலறைதான். அங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கருங்காலியாக நிற்பவன் சும்மா நிற்க முடியாது, பதில் பேசியாக வேண்டும். பேசுவதற்கு, வயலுக்குள் குனிந்திருப்பவனின் நியாயத்தைத் தேடியாக வேண்டும்: வாடகை, பிள்ளைகள், கங்காணியிடம் பட்ட கடன். காலையில் சாலை ஓரத்தில் நின்று திட்டியவன், மாலையில் அந்த ஆளுக்காக வாதாடுகிறான். மறுநாள் காலை அவன் கூப்பிடும் குரல் வேறாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். முதலாளி அட்டைக்கும் இப்படி ஒரு பலன் உண்டு. காரில் வந்து கண்ணாடியை இறக்காமலேயே போகிற ஆளை, நேற்றுவரை யாரும் அருகில் பார்த்ததில்லை. இப்போது அவன் நடை, குரல், சுருட்டு எல்லாமே சமையலறைக்குள் வந்துவிட்டன. அவனைப் பார்த்து எல்லோரும் சிரித்தும்விட்டார்கள்.

இந்த அட்டைப் பயிற்சியை நானும் சில இடங்களில் செய்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது முதலாளி அட்டையைத்தான். அதிகாரத்தை நடித்துப் பார்ப்பதில் அவ்வளவு ருசி. கருங்காலி அட்டை மேசையிலேயே கிடக்கும். அதை யாராவது எடுக்கும் வரை, அறையில் நடப்பது வெறும் விளையாட்டுதான்.

அந்தச் சமையலறையில் உருவானவைக்கு 'ஆக்டோ' என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் கால் மணி நேரம்தான். லாரியின் தட்டையான பின்புறம் மேடை. பொருள் என்று பார்த்தால் முகமூடி, தொப்பி, அட்டை. ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும், அந்த மக்கள் வீட்டில் பேசுவது போலவே. ஆக்டோ என்ன செய்ய வேண்டும் என்று வால்டெஸ் பின்னால் 1971இல் எழுதிவைத்தார்: பார்ப்பவர்களைச் செயலுக்குத் தூண்ட வேண்டும், பிரச்சினையின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெளிச்சம் போட வேண்டும், எதிராளியை நையாண்டி செய்ய வேண்டும், தீர்வைக் காட்ட வேண்டும் அல்லது கோடியாவது காட்ட வேண்டும், மக்கள் மனத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும். இதில் நான்காவதைப் பிரச்சாரம் என்று இலக்கியவாதிகள் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்கட்டும், சங்க அட்டையை வாங்குவதா வேண்டாமா என்று அன்றிரவே முடிவு செய்ய வேண்டியவனுக்குத் தீர்வைச் சொல்லாத நாடகத்தால் என்ன பயன்?

1965இலேயே வந்த 'சின்ன எஜமானின் இரண்டு முகங்கள்' என்ற ஆக்டோவை எடுத்துக்கொள்வோம். எஜமானுக்குப் பன்றி முகமூடி, கையில் சாட்டை, வாயில் சுருட்டு. கூடவே சார்லி என்ற அடியாள். கூலியிடம் எஜமான் அலுத்துக்கொள்கிறான்: உனக்கு என்னப்பா கவலை, இலவச வீடு, லாரியில் சவாரி, எனக்கோ மலை மேலே பங்களா, அதற்குக் கட்ட வேண்டிய பணம், காவலுக்கு ஆள் என்று ஏகப்பட்ட தலைவலி. பேச்சு முற்றி, இடத்தை மாற்றிக்கொள்வோம் என்கிறான். முகமூடி கைமாறுகிறது, பிறகு சாட்டை, பிறகு அட்டை. கழற்றிய முகத்தைப் பார்த்த கூலி, இவன் நம்மைப் போலவேதான் இருக்கிறான் என்று வியக்கிறான். கொஞ்ச நேரத்தில் புது எஜமான் பழைய எஜமானை விரட்டி வேலை வாங்குகிறான். போதும், விளையாட்டு முடிந்தது என்று இவன் கெஞ்ச, சார்லி வந்து கூலி என்று நினைத்து இழுத்துப்போகிறான். கடைசியில் எஜமானே சாவேஸைக் கூப்பிட்டு 'உவெல்கா' என்று அலறுகிறான். எந்தச் சொல்லுக்காகப் போலீஸ் பிடித்துப்போனதோ அதே சொல்லை முதலாளியின் வாயிலிருந்தே வரவழைத்துவிட்டார்கள். அதற்குப் பின் கூலி பார்வையாளர்களிடம் திரும்புகிறான்: வீடு, நிலம், கார் எல்லாவற்றையும் அவனே வைத்துக்கொள்ளட்டும், இந்தச் சுருட்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு இந்தச் சுருட்டு மிகவும் பிடிக்கும். முதலாளியின் இடத்தில் போய் உட்காருவது தீர்வில்லை என்பதை ஒரு வரி பிரசங்கம் இல்லாமல் சொல்லிவிடுகிறது. அதே நேரத்தில் வெறுங்கையோடும் போகவில்லை.

அடுத்த வருடத்து ஆக்டோ ஒன்றில் கோடைகாலமே பாத்திரமாக வரும், சட்டை முழுக்கப் பண நோட்டுகள் குத்தியபடி. கூலி நோட்டுகளைப் பறித்துப் பறித்துப் பின் பாக்கெட்டில் திணிக்கிறான். பின்னாலேயே வரும் கங்காணி அந்தப் பாக்கெட்டிலிருந்து உருவுகிறான். கங்காணியிடமிருந்து முதலாளி உருவுகிறான். உழைத்தும் குளிர்காலத்தில் கை ஏன் காலியாக இருக்கிறது என்பதை விளக்க ஒரு மேடைப்பேச்சாளருக்கு அரை மணி நேரம் ஆகும். இங்கே பாக்கெட்டைப் பார்த்தால் போதும்.

1966 மார்ச் 17 அன்று சங்கம் டெலானோவிலிருந்து தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு நடக்கத் தொடங்கியது. சுமார் 300 மைல். ஏப்ரல் 10, ஈஸ்டர் அன்று போய்ச் சேர்ந்தார்கள். வழிநெடுக மாலையில் தங்கும் ஊர்களில் கூட்டம், பாட்டு, ஆக்டோ. குழுவின் பாடல்களில் பலவற்றை எழுதியவர் அகுஸ்டின் லிரா, அவரும் கூலிக் குடும்பம். சிரிக்கவைப்பதில் மன்னர் ஃபெலிப்பே காந்து என்ற தோட்டத் தொழிலாளி. கொப்புளம் வெடித்த காலோடு வந்தவர்கள் இரவில் சிரித்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். நடை முடிவதற்குள்ளேயே ஷென்லி என்ற பெரிய நிறுவனம் சங்கத்தை ஒப்புக்கொண்டது. நாடு முழுவதும் திராட்சைப் புறக்கணிப்பு வலுத்து, 1970 ஜூலையில் டெலானோவின் தோட்ட முதலாளிகள் கையெழுத்திட்டார்கள்.

கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1973இல் ஒப்பந்தங்கள் காலாவதியானதும் பெரும்பாலான முதலாளிகள் போட்டிச் சங்கத்தோடு கையெழுத்திட்டுவிட்டார்கள். 1975இல்தான் கலிஃபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர்களுக்குக் கூட்டுப்பேர உரிமை சட்டமாக வந்தது. இவற்றுக்கெல்லாம் காரணம் நாடகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாடகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

நாடகக் குழு 1967இலேயே சங்கத்தைவிட்டுப் பிரிந்துவிட்டது. சங்கத்துக்கு வேண்டியது மறியலுக்கு ஆள். குழுவுக்கு வேண்டியது கலையில் வளர இடம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. பிரிந்ததால் வயலுக்கு வெளியே இருந்த சிகானோக்களைப் பற்றியும் பேச முடிந்தது. அந்த வருடத்து 'விலைபோனவர்கள்' ஆக்டோவில், பழைய கார் விற்பது போல மெக்சிக மனிதர்களை விற்கும் கடை. ஆளுநர் ரீகனின் அலுவலகத்திலிருந்து ஒரு செயலாளர் வருகிறாள். அவளும் மெக்சிக வம்சாவளி, ஆனால் தன் பெயரையே ஆங்கிலேயர் உச்சரிப்பது போலத்தான் சொல்வாள். அலுவலகத்தில் காட்சிக்கு வைக்க ஒரு மெக்சிகன் வேண்டும். அழுக்காகவும் இருக்கக் கூடாது, எதிர்த்தும் பேசக் கூடாது. கூலி, நகரத்து ரவுடி, புரட்சிக்காரன் என்று மாடல் மாடலாகக் காட்டி, கடைசியில் சூட் போட்டவனை விற்கிறார்கள். பணம் கைமாறியதும் அவன் வேலைநிறுத்த முழக்கம் போட ஆரம்பிக்கிறான். அவள் ஓட்டம் பிடிக்கிறாள். பிறகுதான் தெரிகிறது, பொம்மைகள் எல்லாம் மனிதர்கள், கடைக்காரன்தான் பொம்மை.

வியட்நாம் போரைப் பற்றி 1971இல் வந்த ஆக்டோவில் மரணமே கதை சொல்லும். போருக்குக் கிளம்பும் பையன் வீட்டில் எல்லோரிடமும் விடைபெறுகிறான். அவன் முகத்தில் மரணம் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைப் பூச்சு பூசிக்கொண்டே இருக்கிறது. இது சிகானோ குடும்பங்களின் வீட்டுக் கதை.

பிரிந்ததில் இழப்பும் உண்டு. வயலோரத்து ஆக்டோ முடிந்ததும் பார்த்தவன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருந்தது. பல்கலைக்கழக அரங்கில் பார்த்தவன் கைதட்டிவிட்டு எங்கே போவான்? உங்கள் சந்தேகம் அந்த இடத்தில் செல்லும்.

ஆனால் கல்லூரி என்றாலே கைதட்டல்தான் என்று எழுதிவிடவும் முடியவில்லை. 1970களில் தென்மேற்கு மாநிலங்களில் ஏராளமான சிறு குழுக்கள் முளைத்தன. 1971இல் 'டெனாஸ்' என்ற கூட்டமைப்பும் வந்தது. அதே வருடம் சான் டியேகோவில் சில மாணவிகள் தங்கள் தாய்மார்களைப் பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்து, அவர்கள் முன்னால் ஒரு நாடகம் போட்டார்கள். பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் வீட்டில் என்ன பேச்சு வருகிறது, கல்லூரியில் தோழர்களே அவளை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் விஷயம். முதலாளியைக் கேலி செய்வது எளிது. எதிரில் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு வீட்டுப் பேச்சை மேடையேற்றுவதற்குத் துணிச்சல் வேண்டும். 'டெயாட்ரோ டெ லாஸ் சிகானாஸ்' என்ற அந்தக் குழுவைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். சாண்டா பார்பராவில் தொடங்கிய 'டெயாட்ரோ டெ லா எஸ்பெரான்சா' 1974இல் வேறொரு வழியில் போனது. குவாடலூப் என்ற சிற்றூரில் பள்ளியில் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதத்தை எதிர்த்துப் பெற்றோர் திரண்டார்கள், கைதானார்கள். அதைப் பற்றிய அறிக்கையையும் ஊர்க்காரர்களின் பேச்சையும் வைத்தே நாடகத்தை உருவாக்கினார்கள்.

பெண்கள் என்றதும், டெயாட்ரோ கம்பேசினோவின் மேல் வந்த கனமான விமர்சனத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வாளர் யோலண்டா பிராய்ல்ஸ்-கொன்சாலெஸ் பழைய உறுப்பினர்களைத் தேடிப் பேசி 1994இல் நூலாக எழுதினார்: எல்லோரும் சேர்ந்து செய்தது ஒரே மனிதரின் மேதைமையாக எழுதப்பட்டுவிட்டது, பெண்களுக்கு அம்மா, காதலி, நடத்தை கெட்டவள் என்ற வேடங்களைத் தாண்டி அதிகம் கிடைக்கவில்லை. வால்டெஸின் தங்கை சொக்கோரோ அபாரமான நடிகை. ஆண் வேடங்களிலும் எலும்புக்கூடு வேடங்களிலும்தான் தன் முழு வீச்சைக் காட்ட முடிந்தது என்பது அவர் அனுபவம். எஜமானின் முகமூடியைக் கழற்றிக் காட்டிய குழுவுக்குள்ளேயே கழற்றப்படாத முகமூடி ஒன்று இருந்திருக்கிறது.

1978இல் வால்டெஸ் லாஸ் ஏஞ்சலஸின் பெரிய அரங்கு ஒன்றில் 'ஜூட் சூட்' நாடகத்தைப் போட்டார். 1942இல் நடந்த ஒரு கொலையை வைத்து மெக்சிக-அமெரிக்க இளைஞர்களைக் கூட்டமாகக் குற்றவாளிகளாக்கியதும், 1944இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானதும் கதைக்கு அடிப்படை. லாஸ் ஏஞ்சலஸில் மாதக்கணக்கில் ஓடியது. அதுவரை அந்த அரங்குக்குள் கால் வைக்காத குடும்பங்கள் வந்தன. மறுவருடம் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போய்ச் சில வாரங்களிலேயே நின்றுவிட்டது. விலைபோய்விட்டார் என்றவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் டெலானோவின் சமையலறையில் நடந்ததற்கும் இதற்கும் பெயர் ஒன்றாக இருக்க முடியாது. அங்கே நடித்தவர்களின் கூலிதான் பணயத்தில் இருந்தது. இங்கே நடித்தவர்கள் கூலி வாங்கினார்கள், நன்றாகவே நடித்தார்கள்.

எனவே யாராவது உங்களிடம் பயிலரங்கு ஒன்றைக் காட்டி இது சிகானோ பாணி என்றால், பயிற்சி முறையை விசாரிப்பதோடு வேறு இரண்டையும் விசாரியுங்கள். அறையில் இருப்பவர்களில் யாருக்கு அந்தப் பிரச்சினை சொந்தப் பிரச்சினை? மறுநாள் காலை அவர்கள் போய்ச் சேர ஏதாவது அமைப்பு இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அது நல்ல நடிப்புப் பயிற்சியாக இருக்கலாம். அதற்கும் மதிப்பு உண்டு. கூலி மட்டும் கூடாது.

டெயாட்ரோ கம்பேசினோ 1971இல் சான் ஹுவான் பவுட்டிஸ்டா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் அங்கேதான் இயங்குகிறது. விளைபொருள் வைத்திருந்த பழைய கிடங்கைத்தான் அரங்காக மாற்றிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடிக்கும் நாடகம் மட்டும் அங்கே நடப்பதில்லை, பழைய மிஷன் தேவாலயத்துக்குள் நடக்கும். ஸ்பானியப் பாதிரியார்கள் 1797இல் நிறுவி, பூர்வகுடிகளின் உழைப்பில் எழுப்பிய மிஷன் அது. அங்கே ஆடப்படும் கதைகளில் ஒன்று, மாதா தனக்குக் காட்சி தந்ததை பிஷப்பை நம்பவைக்கப் படாதபாடு படும் ஹுவான் டியேகோ என்ற பூர்வகுடி மனிதனுடையது. அதை அந்தச் சுவர்களுக்குள்ளேயே ஆடுவது பக்தியா, பழைய ஆக்டோவின் குறும்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.